செங்கீரை ஆடாத பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை வகுப்பொன்றில் பிள்ளைத்தமிழ் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தோம். காப்பு முதலாகப் பருவங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாட்டியல் நூலார் வகுத்த மாதக் கணக்கையும் அருகில் குறித்தோம். செங்கீரைக்கு 5ஆம் மாதம், தாலுக்கு 7, சப்பாணிக்கு 9, முத்தத்திற்கு 11, வருகைக்கு 13. இவ்விடத்தில் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வதோடு சரி, கேள்வி எழுவதில்லை. அன்று பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், திருமணத்திற்குப் பின் படிப்பைத் தொடர வந்தவர், எழுந்து நின்று கேட்டார்: "ஐயா, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை ஆடாத பிள்ளைக்கு எந்தப் பாட்டைப் பாடுவது?"

வகுப்பு சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. பாட்டுடைத் தலைமை பெறுவது தெய்வமோ மன்னரோ ஆகையால் அக்கேள்விக்கு அங்கே இடமில்லை என்று இலக்கணம் சார்ந்த விடையொன்றைச் சொல்லி அடுத்த பருவத்துக்குச் சென்றுவிட்டோம். அவர் கேட்டது இலக்கணத்தைப் பற்றி அன்று என்பது வகுப்பு முடிந்து அவர் தலை குனிந்து வெளியேறியபோதுதான் நமக்குப் புரிந்தது. காலம் தாழ்த்தியேனும் அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் பிள்ளைத்தமிழின் பருவங்களைச் சற்றே வேறு கண்கொண்டு பார்ப்போம். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் நிலை செங்கீரை. அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைநிமிர்தலும், ஒன்பதாம் மாதத்தில் பிடிமானமின்றி அமர்ந்து கைதட்டுதலும், ஓராண்டு நிறைவை ஒட்டி நடத்தலும் இன்றைய குழந்தை மருத்துவர் தம் மேசைமேல் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையிலும் உள்ளவைதாம். பாட்டியல் நூல்களிடையே மாதக் கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு எனினும், தாயர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவைத்த கணக்கை இலக்கணிகள் எழுதிவைத்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அக்கணக்கு வாழ்த்துவதற்கான கணக்கு. தவறும் பிள்ளையைக் குறித்து அது பேசாது. அத்தகைய பிள்ளையைப் பற்றிப் பேசிய பழம்பாடல் ஒன்றும் நம்மிடம் உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன புறநானூற்று 28ஆம் பாடல், குறையுடைய பிறப்புகளை எட்டு வகையாக எண்ணுகிறது. குருடும் கூனும் குறளும் செவிடும் ஊமையும் அவ்வெண்ணிக்கையில் அடங்கும். அத்தகைய பிறப்பால் பயனில்லை என்று அறிந்தோர் கூறியதாகப் புலவர் எடுத்துரைக்கிறார். குறையின்றிப் பிறந்த மன்னன் அறம் பொருள் இன்பம் தேடி வாழவேண்டும் என்பதே அவர் நோக்கம். மாற்றுத்திறனாளிகளைப் பழிப்பது அன்று. எனினும் எட்டு வகையையும் கூர்ந்து கண்டு பெயரிட்ட சமூகம், பெயரிட்ட பின் செய்யவேண்டியது யாது என்று அங்கே கேட்கவில்லை. கண்டறிவதற்கும் கைகொடுப்பதற்கும் இடையே உள்ள இத்தொலைவை மானுடம் எவ்வாறு கடந்தது, எங்கெல்லாம் கடக்கத் தவறியது என்பதை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு காண்போம். அவ்வரலாற்றின் வாயிலில் நிற்பவர் நம் வாசகர் அறிந்த ஒரு நாவலாசிரியர்.

*

பெர்ல் எஸ். பக் எழுதிய 'தி குட் எர்த்' 1931இல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1938இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சீன உழவன் வாங் லுங்கின் வாழ்வைச் சொல்லும் அந்நாவலில், மூத்த மகள் ஒருத்தி வருகிறாள். பஞ்சத்தில் பிறந்து வாடிய அவள் பேச்சே வாராமல், வெயிலில் அமர்ந்து ஒரு துணித் துண்டை மடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் காலங்கழிக்கிறாள். நாவல் முழுவதும் அவளுக்குப் பெயரில்லை. நிலத்தின் மீதும் செல்வத்தின் மீதும் வெறிகொண்ட வாங் லுங், இந்த மகளிடம் மட்டும் மாறாத கனிவு காட்டுகிறான்.

வாசகர் பலர் இப்பாத்திரத்தைப் பஞ்சத்தின் குறியீடாகவே கொண்டனர். 1950இல் பெர்ல் பக் 'தி சைல்ட் ஹூ நெவர் குரூ' என்னும் சிறு நூலை வெளியிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. 1920இல் சீனாவில் பிறந்த அவருடைய மகள் மனவளர்ச்சி குன்றியவர். அழகான குழந்தை, பிறந்தபோது எவ்விதக் குறையும் தெரியவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல ஏதோ சரியில்லை என்னும் ஐயம் தாய்க்குத் தோன்றியது. உற்றாரும் மருத்துவரும் ஆறுதல் கூறினர். சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும் என்றனர். நம் வீடுகளில் "அவன் மாமனும் இப்படித்தான், நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்வோமே, அதே ஆறுதல்தான். மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, இறுதியில் அமெரிக்காவில் மருத்துவர் ஒருவர் ஒளிவுமறைவின்றி உண்மையைச் சொன்னார். 1929இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்னும் ஊரில் இருந்த காப்பகப் பள்ளியில் மகளைச் சேர்த்தார் பெர்ல் பக். மகளின் பராமரிப்புக்குப் பொருள் தேடவேண்டிய தேவை அவர் எழுத்துக்கு ஒரு உந்துதலாக இருந்தது.

மகளுக்கு என்ன நோய் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1950இல் நூல் எழுதியபோதும் தெரியாது. அந்நோய்க்குப் பெயரே இல்லாத காலத்தில் பிறந்த குழந்தை அது.

*

பெயர் வந்த கதை நார்வே நாட்டில் தொடங்குகிறது. அங்கும் ஒரு தாய்.

போர்க்னி எகெலாண்டுக்கு இரு பிள்ளைகள். மூத்தவள் பெண், இளையவன் ஆண். இருவரும் பிறப்பில் நலமாகவே இருந்தனர். ஆனால் பெண் காலந்தாழ்ந்தே ஓரிரு சொற்கள் பேசினாள். நடையும் சீராக இல்லை. பையனோ நான்கு வயதாகியும் நடக்கவில்லை, பேசவில்லை. தாய் மருத்துவர் பலரிடம் சென்றார். அவர் ஒன்றை விடாமல் சொல்லிவந்தார்: பிள்ளைகளிடம் ஒரு விசித்திரமான வாடை வீசுகிறது. மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தாயின் மூக்கு சான்றாகாது என்று எண்ணினர் போலும்.

1934இல் அவர் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரை அணுகினார். ஃபோலிங் மருத்துவர் மட்டுமல்லர். வேதியியலும் முறையாகப் பயின்றவர். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விட்டார். நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் கீட்டோன் உண்டா என்று பார்க்க அக்காலத்தில் வழக்கமாகச் செய்த சோதனை அது. கீட்டோன் இருப்பின் செந்நிறமோ ஊதாவோ தோன்றும். இங்கு கரும்பச்சை தோன்றியது. சில நிமிடங்களில் மங்கியது. அத்தகைய நிறத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. மருந்து ஏதேனும் காரணமாக இருக்குமோ என்று ஐயுற்று, எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டு மீண்டும் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். மீண்டும் பச்சை. தாய் லிட்டர் கணக்கில் சிறுநீர் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். சில மாத உழைப்புக்குப் பின் ஃபோலிங் அதிலிருந்து ஃபினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர்க் காப்பகங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது மேலும் 8 பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது.

பின்னாளில் இந்நோய்க்கு ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர் வழங்கலாயிற்று. நாம் உண்ணும் புரதத்தில் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. அதை டைரோசின் என்னும் வேறொன்றாக மாற்றும் நொதி கல்லீரலில் இருக்கிறது. அந்நொதி குறைபட்டுப் பிறக்கும் குழந்தையின் குருதியில் ஃபினைல்அலனின் தேங்குகிறது. வளரும் மூளையைச் சிதைக்கிறது. கருவில் இருக்கும்வரை தாயுடல் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவேதான் பிறக்கும்போது குறை தெரிவதில்லை. பிறந்து பால் குடிக்கத் தொடங்கிய நாள்முதல் கேடு தொடங்குகிறது. தாய் ஊட்டும் பாலே பிள்ளைக்கு நஞ்சாகும் கொடுமை. ஐரோப்பிய வழியினரிடையே ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இது காணப்படுகிறது. தாய், தந்தை இருவரும் நோயின்றி மரபணுவை மட்டும் சுமப்பவராக இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

போர்க்னியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவ்விடையால் அவர் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் விளையவில்லை. நோய்க்குப் பெயருண்டு, மருந்தில்லை. மகன் சிறுவயதிலேயே இறந்தான்.

*

பெயர் உண்டு, மருந்தில்லை என்னும் நிலை வெறும் அவலத்தோடு நிற்பதில்லை, ஆபத்தாகவும் மாறும். ஃபோலிங் பச்சை நிறத்தைக் கண்ட அதே 1934இல்தான் நார்வே தன் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியின் நாஜி அரசு, பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 4,00,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது.

அதனினும் கொடியது 1939 ஆகஸ்ட் 18 அன்று ஜெர்மன் உள்துறை அமைச்சகம் விடுத்த சுற்றறிக்கை. மருத்துவரும் மருத்துவச்சியரும், கடுமையான உடல்குறையோ மனக்குறையோ உடைய பச்சிளங்குழந்தைகளையும் மூன்று வயதுக்குட்பட்டோரையும் கண்டறிந்து படிவத்தில் எழுதி அனுப்பவேண்டும் என்பது ஆணை. படிவத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் காண இயலாது. குழந்தைக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டம் எதிலும் காணத்தக்க வினாக்களே அதிலும் இருந்தன. படிவம் சென்று சேர்ந்த இடந்தான் வேறு. பெற்றோரிடம் சிறப்பு மருத்துவம் என்று சொல்லி, பெயர் எழுதப்பட்ட குழந்தைகளைத் தனி மருத்துவப் பிரிவுகளுக்கு அழைத்துச் சென்று, மிகை மருந்து கொடுத்தும் பட்டினி போட்டும் கொன்றனர். அவ்வாறு மாண்ட குழந்தைகள் பல்லாயிரவர்.

இதனை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. குறையைக் காலத்தே கண்டறிதல் நன்று என்பதை நாம் ஐயமற ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் கண்டறிதல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. பட்டியலில் பெயர் ஏறிய குழந்தையை அடுத்த நாள் யார் தூக்குகிறார், எங்கே கொண்டுசெல்கிறார் என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது.

அக்காலத்திலேயே இதை உணர்ந்து பேசிய ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் லயனல் பென்ரோஸ். மரபியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று அவர் ஆற்றிய உரை 1946இல் 'லான்செட்' இதழில் அச்சாயிற்று. அதில் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது இந்த ஃபினைல்கீட்டோனூரியா நோயைத்தான். இந்நோயின் மரபணுவைச் சுமப்போர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருக்கக்கூடும். அவர்கள் யாவரும் நலமுடையோர். நோயை ஒழிக்க அவர்களையெல்லாம் கருத்தடை செய்வது பித்தர் செயல் என்று வாதிட்டார். இனத்தூய்மை பேசுவோரின் வாதத்தை அவர்கள் எடுத்த எண்ணைக் கொண்டே முறித்த உரை அது. நோயுடையோரை ஒழிப்பதை விடுத்து நோயை வெல்லும் வழியை மருத்துவம் தேடியாகவேண்டும் என்னும் நிலை இவ்வாறு தெளிவாயிற்று.

*

வழி திறந்தது பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில். இங்கும் ஒரு தாயே கதவைத் தட்டினார்.

1951இல் பெண் குழந்தை ஒன்றுக்கு அங்கே இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. இரண்டு வயதாகியும் நிற்கவோ நடக்கவோ பேசவோ இயலாத குழந்தை. முனகுவதும் அழுவதும் தலையை மோதிக்கொள்வதுமாக நாளைக் கழித்தது. மருத்துவம் இல்லை என்று ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் இளம் மருத்துவர் விளக்கினார். தாய் ஏற்கவில்லை. ஏதேனும் செய்யுங்கள் என்று நாள்தோறும் காலையில் ஆய்வுக்கூட வாயிலில் வந்து நின்றார்.

லண்டனில் லூயி உல்ஃப் என்னும் வேதியியலார் முன்னரே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: ஃபினைல்அலனின் நீக்கிய புரத உணவைக் கொடுத்துப் பார்க்கலாமே. பிக்கலும் ஜான் ஜெரார்டும் உயிர்வேதியியலார் ஈவ்லின் ஹிக்மன்சும் அதைச் செயலாக்கினர். பால் புரதத்தைச் சிதைத்த நீர்மத்தைச் செறிவூட்டிய கரியின் வழியே செலுத்தினர். கரி ஃபினைல்அலனினைப் பிடித்துக்கொண்டது. அதனுடன் சேர்ந்து வெளியேறிய தேவையான அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தனர். அந்தக் கூழை உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, நாற்காலியில் ஏறியது. வெளிறியிருந்த முடி கருத்தது. தலைமோதல் நின்றது.

உணவுதான் காரணமா, தற்செயலா என்னும் ஐயத்தைத் தீர்க்க மருத்துவர்கள் தாயறியாமல் உணவில் ஃபினைல்அலனினை மீண்டும் சேர்த்தனர். குழந்தை விரைவில் பழைய நிலைக்குச் சரிந்தது. ஐயம் தீர்ந்தது. 1953இல் கட்டுரை வெளிவந்தது. தாயிடம் சொல்லாமல் செய்த அச்சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. பின்னர் அவர் ஒப்புதலுடன் மீண்டும் செய்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஓயாது வாயிலில் நின்றவருக்கு அவர்கள் முதலில் அளித்த கைம்மாறு அத்தகையது.

எனினும் சிதைந்த மூளை முழுதும் மீளவில்லை. இரண்டு வயதில் தொடங்கிய உணவு காலங்கடந்த உணவு. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால்தான் மூளையைக் காக்க இயலும். அதற்கோ, எந்த அறிகுறியும் தோன்றுமுன்பே நோயைக் காணவேண்டும். பச்சை நிறச் சோதனை அதற்கு உதவாது. பிறந்து சில வாரங்கள் சென்ற பின்னரே சிறுநீரில் அமிலம் போதிய அளவு தோன்றும். எகெலாண்டின் மூக்கும் பர்மிங்காம் தாயின் பிடிவாதமும் எட்டமுடியாத இடம் இது. குறை வெளிப்பட்ட பின்னர்தான் தாயின் கண் காணும்.

*

அந்த இடத்தை எட்டியவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து நுண்ணுயிரியலார் ராபர்ட் கத்ரி. 1916இல் பிறந்தவர். புற்றுநோய் ஆய்வில் இருந்த அவரை இத்துறைக்கு இழுத்தவை வீட்டுத் துயரங்கள். அவருடைய மகன் ஒருவன் காரணம் அறியப்படாத மனவளர்ச்சிக் குறையுடையவன். 1958இல் மனைவியின் தங்கை மகளுக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்று தெரிந்தது. தெரிந்தபோது குழந்தை ஓராண்டைக் கடந்திருந்தது, கேடு நிகழ்ந்துவிட்டது.

கத்ரியின் முறை வியப்பூட்டும் எளிமையுடையது. ஒரு பாக்டீரியத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைக் கூழ்த்தட்டில் கலந்துவிடவேண்டும். ஃபினைல்அலனின் மிகுந்திருந்தால் அத்தடையை மீறி பாக்டீரியம் வளரும். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஓரிரு துளிக் குருதியை வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தி, அத்தாளின் சிறு வட்டத் துண்டைத் தட்டின்மேல் வைத்தால் போதும். நோயுள்ள குழந்தையின் துண்டைச் சுற்றி மட்டும் அகன்ற வெண்வளையம் படரும். குருதியைக் குப்பியில் அடைத்துக் குளிரூட்டி அனுப்பவேண்டிய தேவையில்லை. உலர்ந்த தாளை அஞ்சலுறையில் இட்டு அனுப்பலாம். பெரிய நகரத்து ஆய்வுக்கூடம், சிற்றூரில் பிறந்த குழந்தையையும் எட்டியது இந்த அஞ்சலுறையால்தான்.

29 மாநிலங்களில் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளிடம் சோதனை செய்யப்பட்டு, 39 குழந்தைகளிடம் நோய் கண்டறியப்பட்டது. உதவியாளர் எய்டா சூசியுடன் இணைந்து கத்ரி எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது. பத்தாண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அவ்வழியைப் பின்பற்றின. தம் கண்டுபிடிப்பால் வரும் உரிமைத்தொகை எதையும் கத்ரி தமக்கென ஏற்கவில்லை. இன்று ஒரே குருதிப் பொட்டிலிருந்து பல்வேறு பிறவி நோய்களைப் பலநாடுகளில் கண்டறிகின்றனர். எல்லாவற்றுக்கும் மூலம் அந்த வடிதாள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. தொடக்க ஆண்டுகளில் சோதனை தவறாக நோய் காட்டிய நலமான குழந்தைகளும் இருந்தனர். அளவு மீறிய உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்த குழந்தைகளும் இருந்தனர். மூளை வளர்ச்சி பெரும்பாலும் நிறைந்துவிட்டது என்று கருதி ஐந்து, ஆறு வயதில் உணவுமுறையை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். நிறுத்திய பிள்ளைகள் பலரிடம் கவனக் குலைவும் கல்வித் தேக்கமும் தோன்றின. வாழ்நாள் முழுதும் உணவுமுறை வேண்டும் என்னும் முடிவுக்கு மருத்துவ உலகம் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இன்னொன்றும் நேர்ந்தது. குழந்தையில் காப்பாற்றப்பட்ட பெண்கள் வளர்ந்து, உணவுக் கட்டுப்பாடின்றிக் கருவுற்றபோது, அவர்கள் குருதியில் மிகுந்த ஃபினைல்அலனின் கருவைத் தாக்கியது. ஒரு தலைமுறையில் காத்த மூளையை அடுத்த தலைமுறையில் இழக்கும் நிலை. 1984இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு, கருவுறுமுன்பே உணவுமுறைக்குத் திரும்பினால் அதைத் தடுக்கலாம் என்று காட்டியது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவு. குதிகாலில் குத்துவது ஒரு நொடி வேலை. அதன்பின் தொடரும் கண்காணிப்பு ஆயுட்காலப் பணி. 1968இல் உலக சுகாதார நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் இருவரும் நோய் கண்டறியும் திட்டங்களுக்கு வகுத்த நெறிகளில், ஏற்கத்தக்க மருத்துவம் இருக்கவேண்டும் என்பதும், கண்டறிதல் ஒருமுறை நிகழ்வாகாமல் தொடர்பணியாக இருக்கவேண்டும் என்பதும் இடம்பெற்றன. 1939ஆம் ஆண்டுப் படிவத்திற்கும் கத்ரியின் வடிதாளுக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விரு விதிகளும் நன்கு உரைக்கின்றன.

*

நம் நாட்டுக்கு வருவோம். எல்லாக் குறையும் குருதிப் பொட்டில் தெரிவதில்லை. மூளை முடக்குவாதமும், செவித்திறன் குறையும், ஆட்டிசமும் பிள்ளை வளரும் விதத்தைக் கூர்ந்து நோக்கியே பெரிதும் கண்டறியப்படுகின்றன. அந்நோக்குக்குக் கருவியாகத் திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிச் சோதனை அட்டவணை 17 செயல்களை மட்டும் கொண்டது. இரண்டு வயதுவரை எந்த மாதத்தில் எது வரவேண்டும் என்று கோடிட்டுக் காட்டும். அங்கன்வாடி ஊழியர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பாட்டியலார் வகுத்த பருவக் கணக்குக்கு, தவறும் பிள்ளையையும் கருதும் ஓர் உறவு கிடைத்துவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கவேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே கூறுகிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் பிறப்பு முதல் 18 வயதுவரை 30 வகை நலக்குறைகளைக் கண்டறிய வகைசெய்தது. நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்லவும், குறை காணப்பட்ட குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படவும் அதில் ஏற்பாடு உண்டு. சட்டமும் திட்டமும் இருக்கின்றன. மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாய், கூலிவேலையை விட்டுவிட்டு எத்தனை வாரம் செல்ல இயலும் என்பதில்தான் அவற்றின் உண்மையான சோதனை இருக்கிறது.

நம் மரபின் கதையொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்தார் என்பது வரலாறாக வழங்கும் செய்தி. தாலும் முத்தமும் அம்புலியும் அத்துணை இனிமையாகப் பாடிய புலவர், தம் பருவங்களில் பேச்சைத் தவறவிட்ட பிள்ளை. இக்கதையைச் சொல்லி, 'காத்திரு, தானாகப் பேசும்' என்று தாய்மாரைத் தேற்றுவோர் உண்டு. கதை சொல்வது அதுவன்று. அவருடைய பெற்றோர் காத்திருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்குப் பிள்ளையை எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் தவங்கிடந்தனர். அக்காலத்தில் அவர்கள் அறிந்த மருத்துவ வாயில் அதுதான், அதைத் தட்டினர். தாமதித்துப் பேசும் பிள்ளைகள் பலர் பின்னர் நன்றாகவே பேசுவர். ஆயினும் அப்பலருள் தம் பிள்ளை ஒன்றா என்பதைக் காத்திருந்து அறிவதைவிடக் கேட்டு அறிவதே தக்கது. கேட்பதால் இழப்பு ஒன்றுமில்லை. காத்திருந்தால் திரும்பக் கிடைக்காத மாதங்கள் கழிந்துபோகும்.

*

பெர்ல் பக்கின் மகளுக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்பது 1960களில்தான் அறியப்பட்டது. அப்போது மகளுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பெயர் தெரிந்ததால் மாறக்கூடியது ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. பெர்ல் பக்கும், அந்நோயை உலகுக்குக் காட்டிய ஃபோலிங்கும் ஒரே ஆண்டில், 1973இல், மறைந்தனர். மகள் 1992வரை வைன்லாண்டில் வாழ்ந்தார்.

'தி குட் எர்த்' நாவலின் இறுதிப் பகுதியில் முதிய வாங் லுங், தன் பேசாத மகளைப் பற்றிக் கவலையுறுகிறான். தனக்குப் பின் அவளை யார் பார்ப்பர்? அதற்காக அவன் ஒரு நஞ்சுப் பொட்டலத்தை வாங்கி வைத்திருக்கிறான். தான் இறந்த நாளில் அவளுக்கு அதைக் கொடுத்துவிடுமாறு, தன்னை அன்புடன் பேணும் இளம்பெண் 'பேரி மலர்' என்பவளிடம் சொல்கிறான். பூச்சியையும் கொல்ல இயலாத தன்னால் அதைச் செய்ய இயலாது என்று அவள் மறுக்கிறாள்; அந்த மகளைத் தானே வைத்துக் காப்பதாக வாக்களிக்கிறாள்.

நஞ்சும் வாக்கும் அந்த அறையில் அருகருகே இருந்தன. எட்டு வருடங்களுக்குப் பின் ஜெர்மனியில் ஒரு சுற்றறிக்கை நஞ்சைத் தேர்ந்தது. பர்மிங்காமிலும் பஃபலோவிலும் சிலர் வாக்கைத் தேர்ந்தனர். குறையுடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் முன்னும் சமூகம் மீண்டும் மீண்டும் அந்த அறைக்குள் நிற்கிறது. கண்டும் காணாமல் விடுவதும் நஞ்சின் பக்கமே சேரும்.

அன்று வகுப்பில் கேட்ட மாணவிக்கு நாம் சொல்லத் தவறிய விடை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. செங்கீரை ஆடாத பிள்ளைக்கும் காப்புப் பருவம் உண்டு. பிள்ளைத்தமிழில் முதலில் பாடப்படுவது அதுவே. அதற்குப் பிள்ளை எதுவும் செய்துகாட்ட வேண்டுவதில்லை, காக்கவேண்டியவர் மற்றவர். அப்பருவம் மட்டும் அப்பிள்ளைக்கு மாதக் கணக்கின்றி நீள்வது.